ஒரு நடத்துநர், ஒரு இளம் வயலின் கலைஞர்: மேற்கத்திய செவ்வியல் இசைக்குள் நுழைய ஒரு வழி

மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்கப் பழக வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்குப் பொதுவாக ஒரு பட்டியல்தான் கிடைக்கும். பாக், மோட்ஸார்ட், பேத்தோவன், பிராம்ஸ் என்று காலவரிசையில் பெயர்கள் நீளும். இரண்டு வாரம் கேட்ட பிறகு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோய், பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த வழி வேறு. இசையமைப்பாளர்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, வாசிப்பவர்களைப் பின்தொடருங்கள். ஒரு ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர், அவரோடு மேடையேறிய ஒரு இளம் வயலின் கலைஞர் என்று இரண்டே பேர் போதும். அவர்கள் எப்படி மேலே வந்தார்கள், எப்போது சந்தித்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்டால், எது யாருடைய வேலை என்பது காதில் பிரிந்து விழ ஆரம்பிக்கும்.

நான் சொல்லும் ஜோடி, ஹெர்பர்ட் ஃபான் காராயனும் அன்னே-சோஃபி முட்டரும். இவர்களைவிடப் பெரிய கலைஞர்கள் இல்லையா என்றால், அது வேறு விவாதம். புதிதாகக் கேட்பவருக்கு இவர்கள் தரும் வசதி வேறு யாரும் தருவதில்லை. 1977 முதல் 1988 வரை இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். வயலின் கன்செர்ட்டோக்களில் (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) புகழ்பெற்ற பெரும்பாலானவற்றை ஒன்றாகப் பதிவு செய்தார்கள். காராயன் இறந்த பிறகு முட்டர் அதே கன்செர்ட்டோக்களில் பலவற்றை வேறு நடத்துநர்களோடு மறுபடி பதிவு செய்தார். ஆகவே ஒரே கலைஞர் ஒரே இசையை 16 வயதில் எப்படி வாசித்தார், 38 வயதில் எப்படி வாசித்தார் என்று அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை யூடியூப், ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்கில் கிடைக்கின்றன. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: காராயன் பெயரின் எழுத்துகளில் ஆங்கில 'ஜே' வரும்; அதைப் போட்டால்தான் கிடைப்பார்.

முதல் படி: வயதைக் குறித்துக்கொள்ளுங்கள்

இவர்கள் முதன்முதலில் சேர்ந்து மேடையேறியது 1977-ல், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்தின் பெந்தெகொஸ்தே விழாக் கச்சேரியில். அப்போது காராயனுக்கு 69 வயது. முட்டருக்கு இன்னும் 14 ஆகவில்லை. இந்த 55 வருட இடைவெளி தற்செயல்தான் என்றாலும், இரண்டு தொழில்களின் இயல்பு அதில் அப்படியே இருக்கிறது. வயலின் கலைஞருக்கு வாத்தியம் கையிலேயே இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை வீட்டுக் கூடத்தில் நின்று தினமும் மணிக்கணக்கில் சாதகம் செய்ய முடியும். நடத்துநருக்கு வாத்தியம் என்பது எண்பது, நூறு மனிதர்கள். அவர்களைக் கூட்டி உட்கார வைத்து, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு ஊரோ நிறுவனமோ முன்வந்தால்தான் அவர் பழகவே முடியும். அதனால்தான் ஒருவர் சீக்கிரம் பழுக்கிறார், இன்னொருவர் தாமதமாக. இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்ப வரப்போவது இந்த வித்தியாசத்துக்குத்தான்.

காராயனின் பாதையைப் பாருங்கள். 1908-ல் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். பியானோ படித்துவிட்டு நடத்துநர் வேலைக்கு வந்தார். 1929-ல், தன் 20 வயதில், சொந்த ஊரில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திக் காட்டினார். அதைக் கண்டு ஜெர்மனியின் உல்ம் என்ற சின்ன நகரத்து நாடக அரங்கம் அவரை வேலைக்கு எடுத்தது. அங்கே ஐந்து வருடம். சின்னக் குழு, சின்ன மேடை, பாடகர்களுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதிலிருந்து ஒத்திகை வரை எல்லா வேலையும். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடத்துநர்கள் தொழில் கற்றது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஊர் அரங்கங்களில்தான். 1934-ல் உல்ம் வேலை போனது. கொஞ்ச காலம் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு ஆஹன் நகரத்துக்குப் போனார். 1935-ல், 27 வயதில், அந்த ஊரின் தலைமை இசை இயக்குநர். ஜெர்மனியிலேயே அந்தப் பதவியில் இருந்தவர்களில் அவர்தான் இளையவர். 1938-ல் பெர்லின் அரசு ஓபராவில் வாக்னரின் 'ட்ரிஸ்டானும் ஈசோல்டேயும்' நடத்தியபோது ஒரு பத்திரிகை 'அதிசயம் காராயன்' என்று தலைப்பிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைத் தாண்டிப் போகக் கூடாது. காராயன் நாஜிக் கட்சி உறுப்பினர். ஆஹன் பதவிக்காகத்தான் சேர்ந்தேன் என்று பிற்பாடு சொன்னார். ஆனால் 1933-லேயே விண்ணப்பித்ததற்கு ஆவணங்கள் இருக்கின்றன. போருக்குப் பிறகு 1946-ல் மேடையேறத் தடை, 1947-ல் தடை நீக்கம். 1955-ல் பெர்லின் பில்ஹார்மோனிக் என்ற ஆர்க்கெஸ்ட்ராவோடு நியூயார்க் போனபோது அரங்கத்துக்கு வெளியே போராட்டம் நடந்தது. வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் அவரோடு வாசிக்கவே மறுத்தார். 'இசை வேறு, அரசியல் வேறு' என்று சொல்லி இதை மூடிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிவுகளைக் கேளுங்கள், ரசியுங்கள். யார் நடத்தியது என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பெர்லின் பில்ஹார்மோனிக் அவர் கைக்கு வந்தது, அதற்கு முன் அங்கே கோலோச்சிய நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் 1954 நவம்பரில் இறந்த பிறகு. அப்போது காராயனுக்கு 47 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. உல்மில் தொடங்கி அந்த இடத்துக்கு வர கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இப்போது முட்டர். 1963-ல் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ரைன்ஃபெல்டனில் பிறந்தவர். ஐந்து வயதில் பியானோ, சில மாதத்திலேயே வயலினுக்கு மாற்றம். 1970-ல் ஜெர்மனியின் இளையோர் இசைப் போட்டியில் சிறப்புத் தகுதியோடு முதல் பரிசு. முதல் ஆசிரியர் எர்னா ஹோனிக்பெர்கர். அவர் இறந்த பிறகு சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் ஐடா ஸ்டுக்கி. இரண்டு பேருமே கார்ல் ஃப்ளெஷ் என்ற பெரிய ஆசிரியரின் மாணவிகள். ஆகவே ஆசிரியர் மாறினாலும் பாணி மாறவில்லை. ஒரு சிறுமியின் வில் பிடிக்கும் கைக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது வயலின் கற்றவர்களுக்குத் தெரியும். 1976-ல் லுசெர்ன் இசை விழாவில் வாசித்தார். செய்தி காராயன் காதுக்குப் போனது. அந்த டிசம்பரில் பெர்லினுக்கு வரவழைத்துக் கேட்டார். பாக் தனி வயலினுக்கு எழுதிய 'சக்கோன்' என்ற படைப்பும் மோட்ஸார்ட்டும் வாசித்துக் காட்டிய சிறுமிக்கு, அடுத்த கோடையில் சால்ஸ்பர்க் மேடை.

இரண்டாம் படி: மோட்ஸார்ட்டின் மூன்றாம் கன்செர்ட்டோ

பலர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' தொகுப்பிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அது விளம்பரங்களில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன இசை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மோட்ஸார்ட்டின் மூன்றாம் வயலின் கன்செர்ட்டோவை எடுங்கள். ஜி மேஜர், மோட்ஸார்ட்டின் படைப்புகளை வரிசைப்படுத்திய கோஹெல் பட்டியலில் எண் 216. சால்ஸ்பர்க்கில் 1775-ல், தன் 19 வயதில் எழுதினார். முட்டரும் காராயனும் முதல் கச்சேரியில் வாசித்ததும் இதுதான், 1978-ல் முதல் இசைத்தட்டாகப் பதிவு செய்ததும் இதுதான் (கூடவே ஐந்தாம் கன்செர்ட்டோவும் உண்டு). முட்டருக்கு அப்போது 14 வயது.

கன்செர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. வழக்கமாக மூன்று பகுதிகள்: வேகம், மெது, மறுபடி வேகம். இந்தக் கன்செர்ட்டோவில் குழு சிறியது. தந்தி வாத்தியங்கள், ஊதுவாத்தியங்களில் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், அவ்வளவுதான். அதனால் யார் என்ன செய்கிறார்கள் என்பது புதியவர் காதுக்கும் எட்டும்.

மூன்று முறை கேளுங்கள், ஒரே நாளில் வேண்டாம். முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாவது முறை வயலினை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்: முதலில் ஆர்க்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கும், ஒரு நிமிடம் கடந்த பிறகுதான் வயலின் உள்ளே வரும். வரும்போது ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கிய அதே ராகத்துண்டைத் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். மூன்றாவது முறைதான் முக்கியம். வயலினை விட்டுவிட்டு ஆர்க்கெஸ்ட்ராவை மட்டும் கேளுங்கள். இரண்டாம் பகுதியில் ஓபோக்கள் போய்ப் புல்லாங்குழல்கள் வந்திருக்கும். வயலின்களின் மேல் ஒலியைக் குறைக்கும் சிறு கட்டையை மாட்டியிருப்பார்கள், கீழே பெரிய தந்தி வாத்தியங்களை விரலால் சுண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த மெத்தென்ற ஒலியின் மேல்தான் 14 வயதுச் சிறுமியின் நீண்ட ஒற்றைச் சுரம் மிதக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா ஒரு இழை அதிகமாக ஒலித்திருந்தால் அவள் குரல் அமுங்கியிருக்கும். அப்படி அமுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நடத்துநரின் வேலை. குச்சி ஆட்டுபவர் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு இந்தப் பகுதியைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கடைசிப் பகுதியில் ஒரு வேடிக்கை உண்டு. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் இசை திடீரென்று நின்று, மெதுவான சோகமான ஒன்று வரும், உடனே ஒரு நாட்டுப்புற மெட்டு தலைகாட்டும். முடிவும் ஆரவாரம் இல்லாமல் ஊதுவாத்தியங்களோடு அடங்கிவிடும். அரங்கத்தில் இதைக் கேட்கும்போது முடிந்துவிட்டதா என்று ஒரு நொடி குழப்பம் வரும். நடத்துநரின் கை இறங்கும் வரை காத்திருங்கள்.

மூன்றாம் படி: பேத்தோவன், இரண்டு முறை

பேத்தோவன் எழுதிய ஒரே வயலின் கன்செர்ட்டோவை 1806 டிசம்பரில் வியன்னாவில் ஃப்ரான்ஸ் கிளெமெண்ட் முதலில் வாசித்தார். பெரிதாக எடுபடவில்லை. பிறகு பல வருடங்கள் அதை யாரும் அதிகம் சீண்டவில்லை. 1844-ல் லண்டனில் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. வாசித்தவர் 12 வயது யோசெஃப் யோவாஹிம், நடத்தியவர் 35 வயது மெண்டல்சன். ஆக, வயதில் மூத்த நடத்துநர், சிறுவயது வயலின் கலைஞர் என்ற இந்தக் கூட்டணிதான் இந்தக் கன்செர்ட்டோவையே காப்பாற்றிக் கொடுத்தது.

முட்டர் இதை முதலில் காராயனுக்கு வாசித்துக் காட்டியபோது, அவர் கேட்டுவிட்டு அடுத்த வருடம் வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். முட்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கும் விஷயம் இது. விரல் ஓடும், சுரம் சுத்தமாக விழும், ஆனாலும் போதாது. ஏன் போதாது என்று கேட்டால், இந்தக் கன்செர்ட்டோவில் வயலினுக்குக் கொடுத்திருப்பதில் பாதி வெறும் சுர வரிசைகளும், சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும் ஆர்பெஜியோக்களும்தான். மெட்டு பெரும்பாலும் ஆர்க்கெஸ்ட்ராவில் இருக்கிறது. அந்தச் சாதாரண வரிசைகளுக்கு அர்த்தம் கொடுக்க விரல் மட்டும் போதாது. பக்கத்தில் நடப்பதைக் கேட்கும் காது வேண்டும். 1979-ல் பதிவு செய்தார்கள். அவருக்கு 16 வயது.

அந்தப் பதிவை எடுங்கள். மொத்தம் முக்கால் மணி நேரம் ஓடும், அதில் முதல் பகுதியே பாதிக்கு மேல். டிம்பனி முரசு தனியாக மெல்லத் தட்டுவதில் தொடங்கும். அந்தத் தட்டை மறக்காதீர்கள், பிறகு ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் அது வேறு வேறு வாத்தியங்களில் திரும்பி வரும். வயலின் உள்ளே வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை சிறுமி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காராயன் எடுத்துக்கொள்ளும் வேகம் நிதானமானது. அவருடைய பெர்லின் குழுவின் அடையாளமே இந்த நீளமான, இடைவெளி தெரியாத ஒலிதான்: ஒரு சுரம் முடியும் இடம் தெரியாமல் அடுத்தது தொடங்கும்.

முதல் பகுதியின் கடைசியில் ஆர்க்கெஸ்ட்ரா நின்றுவிடும், வயலின் மட்டும் சில நிமிடம் தனியாக வாசிக்கும். இதைக் கடென்சா என்பார்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய நமக்கு இந்த இடம் சுலபமாகப் புரியும், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள ஒருவர் தன் முழுத் திறமையையும் காட்டும் இடம். பேத்தோவன் வயலினுக்கு இங்கே ஒன்றும் எழுதி வைக்கவில்லை, ஆகவே பலரும் வயலின் கலைஞர் ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லர் எழுதியதை வாசிப்பார்கள். அது முடியும்போது வயலின் இரண்டு சுரங்களுக்கு இடையே வேகமாக ஊசலாடும், அதற்குப் பெயர் டிரில். நடத்துநருக்கு அதுதான் சமிக்ஞை. கை உயரும், ஆர்க்கெஸ்ட்ரா திரும்ப உள்ளே வரும். அந்த ஒரு நொடியைக் கவனித்துக் கேட்கப் பழகிவிட்டால், எந்தக் கன்செர்ட்டோவிலும் நீங்கள் தொலைந்துபோக மாட்டீர்கள்.

இதைக் கேட்டு ஒரு வாரம் ஆன பிறகு, முட்டர் 2002-ல் குர்ட் மசூர் நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு வாசித்த பதிவைப் போடுங்கள். அதே கன்செர்ட்டோ, 38 வயது. முந்தைய பதிவில் எல்லாச் சுரங்களும் ஒரே செழுமையோடு ஒலித்தன. இங்கே சில இடங்களில் விரலின் அசைவை முழுவதுமாக நிறுத்திவிட்டு, தந்தியின் மேல் வில்லைக் காற்றுபோல ஓட்டி, கிசுகிசுப்பாக வாசிக்கிறார். சில வாக்கியங்களை இழுக்கிறார், சிலவற்றை வெடுக்கென்று முடிக்கிறார். இது சிலருக்குப் பிடிக்கவில்லை, மிகையாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இரண்டாவது பகுதியில் இந்தப் பதிவுதான் பிடிக்கும். முதல் பகுதியில் 1979. உங்களுக்கு எது என்று முடிவு செய்யுங்கள். ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ரசனை வளர்வது அப்படித்தான்.

நான்காம் படி: மற்றவற்றையும் ஜோடி ஜோடியாக

முறை புரிந்துவிட்டதால் இனி வேகமாகப் போகலாம். பிராம்ஸ் கன்செர்ட்டோவை முட்டர் 1981-ல் காராயனோடு பதிவு செய்தார், 1997-ல் மசூரோடு. காராயனும் முட்டரும் சேர்ந்து செய்தவற்றில் இதுதான் உச்சம் என்பது என் அபிப்பிராயம். மெதுப் பகுதியில் மெட்டு முழுவதையும் ஓபோதான் முதலில் வாசிக்கும், வயலின் வெகுநேரம் காத்திருக்கும். மெண்டல்சன் கன்செர்ட்டோவும் காராயனோடு உண்டு, 2008-ல் லைப்ஸிக்கில் மசூரோடும் உண்டு. சாய்கோவ்ஸ்கி 1988-ல் சால்ஸ்பர்க் விழாவில் காராயனோடு நேரடிப் பதிவு, அப்புறம் நடத்துநர் ஆந்த்ரே பிரெவினோடு ஒன்று. இரண்டிலும் வாசிப்பது வியன்னா பில்ஹார்மோனிக்.

விவால்டியை இப்போது எடுக்கலாம். 1984-ல் காராயன், வியன்னா பில்ஹார்மோனிக்கோடு. 1999-ல் நடத்துநரே இல்லாமல், ட்ரான்ட்ஹைம் சோலோயிஸ்ட்ஸ் என்ற நார்வே இளைஞர் குழுவோடு முட்டரே வழிநடத்தி. முன்னதில் குழுவின் கனம் இந்த இசைக்கு அதிகம் என்று நினைக்கிறேன். பின்னதில் புயல் வரும் இடம் உண்மையிலேயே வீட்டு ஜன்னலை அடிக்கிறது. நடத்துநர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு பதிவுகளும் நேரடியாகக் காட்டிவிடும்.

ஐந்தாம் படி: கண்ணாலும் பாருங்கள்

காராயன் படம் பிடிப்பதில் ஆர்வம் உள்ளவர். பேத்தோவன் கன்செர்ட்டோவை முட்டரோடு 1984-ல் காணொளியாகவும் எடுத்திருக்கிறார். வழக்கமாக அவர் சிம்பொனி நடத்தும்போது தாளைப் பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். வலது கை காலத்தைக் காட்டும், இடது கை எழுச்சியையும் அடக்கத்தையும் காட்டும். முட்டர் வாசிக்கும் இடங்களில் அந்தக் கைகள் எவ்வளவு சிறிதாகிவிடுகின்றன, ஆர்க்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கும்போது எவ்வளவு விரிகின்றன என்று பாருங்கள். 1987-ல் பெர்லினில் சிறிய இசை அரங்கம் ஒன்றைத் திறந்தபோது, காராயன் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தில் உட்கார்ந்தபடி விவால்டியை நடத்த, முட்டர் வாசித்தார். அதற்கும் காணொளி உண்டு.

ஆறாம் படி: மேடைக்குப் பின்னால் நடந்தது

பெர்லின் பில்ஹார்மோனிக் 1882-ல் கலைஞர்களே சேர்ந்து தொடங்கிய குழு. தலைமை நடத்துநரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். புதிதாக யாரைச் சேர்ப்பது என்பதும் அவர்கள் கையில்தான். 1982-ல் சபீனே மையர் என்ற இளம் கிளாரினெட் கலைஞரைச் சேர்க்க வேண்டும் என்று காராயன் விரும்பினார், குழு மறுத்தது. 73 பேர் எதிராக, 4 பேர் ஆதரவாக. அவருடைய ஒலி மற்றவர்களோடு கலக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். பெண் என்பதால்தான் என்று வெளியில் பேசினார்கள். அந்தக் குழு நூறு வருடம் கழித்து அந்த 1982-ல்தான் முதல் பெண் உறுப்பினரைச் சேர்த்திருந்தது. மையர் தானே விலகிக்கொண்டு, பிறகு உலகப் புகழ் பெற்ற தனிக் கலைஞர் ஆனார். ஆனால் காராயனுக்கும் குழுவுக்கும் இடையே விழுந்த விரிசல் பிறகு மூடவே இல்லை. ஆயுட்காலப் பதவியில் இருந்தவர் 1989 ஏப்ரலில் ராஜினாமா செய்தார், ஜூலையில் இறந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஆர்க்கெஸ்ட்ராவைக் கையில் வைத்திருந்தவருக்குக்கூட, அது அவர் சொத்தாக இருக்கவில்லை. வயலின் கலைஞருக்கு இந்தக் கவலை இல்லை, வாத்தியம் வாக்களிப்பதில்லை.

அவருக்கு வேறு கவலை இருக்கிறது. ஒரு பெரியவரின் கண்டுபிடிப்பு என்று 13 வயதில் முத்திரை விழுந்தால், அந்தப் பெரியவர் போன பிறகு என்ன செய்வது? காராயன் இறந்தபோது முட்டருக்கு 26 வயது. ஆனால் அவர் அதற்கு முன்பே வேறு கதவுகளைத் திறந்து வைத்திருந்தார். 1980-லேயே மும்பையில் பிறந்த ஜுபின் மேத்தா நடத்த, நியூயார்க்கில் அறிமுகம். 1986-ல் போலந்து இசையமைப்பாளர் லுதோஸ்வாவ்ஸ்கியின் 'செயின் 2' என்ற புத்தம் புது இசையை ஜூரிக்கில் முதன்முறையாக வாசித்தார். அது அவர் வாழ்க்கையையே திருப்பியது. அதன்பின் பெண்டெரெட்ஸ்கி, குபைதுலினா, ஜான் வில்லியம்ஸ் என்று பலர் அவருக்காகவே எழுதினார்கள். எழுதியவர் உயிரோடு பக்கத்தில் இருக்கும் இசையை வாசிக்கும்போது யாரும் பழைய பதிவோடு ஒப்பிட முடியாது. இளம் கலைஞர் தனக்கென்று ஒரு இடம் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. 'செயின் 2' காதுக்கு உடனே இனிக்காது. பேத்தோவனும் பிராம்ஸும் பழகிய பிறகு போய்க் கேளுங்கள்.

ஏழாம் படி: நேரில் ஒரு கச்சேரி

பதிவில் எத்தனை கேட்டாலும், ஒரு ஒற்றை வயலின் எண்பது பேரைத் தாண்டி அரங்கத்தின் கடைசி வரிசைக்கு வருவதை நேரில் ஒருமுறை கேட்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையத்தில், 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு எஸ்பிளனேடிலும் விக்டோரியா அரங்கிலும் சிங்கப்பூர் சிம்பொனி. லண்டனில் இருந்தால் கோடையில் ராயல் ஆல்பர்ட் ஹாலின் 'ப்ரோம்ஸ்' (Proms) விழா. நின்றுகொண்டு கேட்கும் சீட்டு மலிவு, நடத்துநரின் முதுகுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் நிற்கலாம். எங்கே போனாலும் கன்செர்ட்டோ உள்ள நிகழ்ச்சியாகப் பார்த்துச் சீட்டு எடுங்கள். பகுதிகளுக்கு நடுவே கை தட்டும் வழக்கம் இப்போது இல்லை. மூன்றும் முடிந்த பிறகு தட்டினால் போதும். வீட்டிலிருந்தே பார்க்க பெர்லின் பில்ஹார்மோனிக்கின் டிஜிட்டல் அரங்கத்துக்குச் சந்தா கட்டலாம். நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் பழைய இசைத்தாள்களை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: அடுத்த ஜோடி

பின்னால் போக விரும்பினால், 1932-ல் லண்டன் ஆபி ரோட் ஸ்டூடியோவில் எட்வர்ட் எல்கர் தன் சொந்த வயலின் கன்செர்ட்டோவை நடத்த, யெஹுதி மெனுஹின் வாசித்த பதிவு இருக்கிறது. 75 வயதும் 16 வயதும். ஒலி பழையது, கொஞ்சம் இரைச்சல் இருக்கும், பத்து நிமிடத்தில் அது காதுக்கு மறைந்துவிடும்.

இன்றைக்கு வர விரும்பினால் மரியா துவேன்யாஸ். 2002-ல் ஸ்பெயினின் கிரானடாவில் பிறந்தவர், 2021 மெனுஹின் போட்டியில் முதல் பரிசு. மான்ஃப்ரெட் ஹோனெக் நடத்தும் வியன்னா சிம்பொனியோடு பேத்தோவன் கன்செர்ட்டோவை வாசித்து, 2023-ல் வெளியிட்டார். கடென்சாக்களை அவரே எழுதியிருக்கிறார். மூன்றாம் படியில் கேட்ட இரண்டு பதிவுகளுக்கும் பக்கத்தில் இதை வையுங்கள். இப்போதெல்லாம் இளம் வயலின் கலைஞர்களுக்குப் பாதை பெரும்பாலும் இதுதான்: ஒரு சர்வதேசப் போட்டி, ஒரு அறக்கட்டளை கடனாகத் தரும் பழைய இத்தாலிய வயலின், ஒரு மேலாளர், ஒரு இசைத்தட்டு நிறுவனம்.

நடத்துநர் தாமதமாகத்தான் பழுப்பார் என்று முதல் படியில் சொன்னதற்கு நேர்மாறான ஒருவரையும் பார்த்துவிடுங்கள். ஃபின்லாந்தின் க்ளவுஸ் மாக்கெலா 1996-ல் பிறந்தவர், 2020-லேயே ஆஸ்லோ பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர், 2027-ல் ஆம்ஸ்டர்டாம், சிகாகோ ஆர்க்கெஸ்ட்ராக்களும் அவரிடம் வருகின்றன. எப்படி இவ்வளவு சீக்கிரம்? ஹெல்சின்கியின் சிபேலியஸ் அகாடமியில் 12 வயதிலேயே யோர்மா பனுலாவிடம் நடத்தக் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார். அந்த ஆசிரியரின் முறையே, மாணவர் கையில் உண்மையான ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, காணொளியில் பதிந்து, பிறகு உட்கார்ந்து பார்ப்பது. உல்மில் காராயனுக்கு ஐந்து வருடத்தில் கிடைத்தது, இங்கே வகுப்பறையிலேயே கிடைத்துவிடுகிறது. மாக்கெலா ஆஸ்லோ குழுவோடு, தன்னைவிட 18 வயது மூத்த வயலின் கலைஞர் யானினே யான்சனுக்கு நடத்திய சிபேலியஸ் கன்செர்ட்டோ 2024-ல் வந்திருக்கிறது. இங்கே இளையவர் நடத்துகிறார், மூத்தவர் வாசிக்கிறார். யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று தொடக்கத்தின் இரண்டு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அப்புறம் முட்டர் இதே கன்செர்ட்டோவை 1995-ல் பிரெவினோடும் ட்ரெஸ்டன் குழுவோடும் செய்த பதிவுக்குப் போங்கள்.